பக்கவாத்தியாரின் காலி எண்கள்

கோத்தகிரிப் பனிமூட்டத்தைக் கையில் கொடுத்தால் அதற்கும் பக்க எண் போட்டு, மேலே ஒரு தலைப்பும் எழுதிவிடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரை நாங்கள் பக்கவாத்தியார் என்போம். தேயிலை ஃபேக்டரிகளுக்கு மின்சாரப் பேனல் செய்துகொடுக்கும் எங்கள் சின்ன ஆபீசில் வயரிங் வரைபடம் போடுவது அவர் வேலை. நான் பொறுப்பாளர், அதாவது கையெழுத்துப் போடுவது என் வேலை.

அவர் வரைபடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதே கிடையாது. மெயின் சப்ளை பத்தில் தொடங்கும். இலை வாட்டும் விசிறிகள் இருபதில், அரைக்கும் மெஷின் முப்பதில், ட்ரையர் நாற்பதில். இடையில் மிஞ்சும் எண்கள் காலி. கேட்டால், "விரிவாக்கத்துக்குங்க" என்பார். பெயர்கள் அதற்கும் மேல். ஊரே 'கன்ட்ரோல் சர்க்யூட்' என்று எழுதும் பக்கத்துக்கு அவர் வைத்த பெயர், 'ட்ரையர் ஏன் ஓடலை?'

"இது பக்கத்துக்குப் பேரா, பட்டிமன்றத் தலைப்பாங்க?" என்றேன்.

"மெஷின் நின்னா எலக்ட்ரீசியன் மனசுல என்ன வருமோ, அதத்தானுங்க பேரா வெக்கோணும்."

செல்போனிலும் இதே கதைதான். மனைவி 10, மச்சான் 20. "எனக்கும் எந்தம்பிக்கும் நடுவுல ஒம்பது எடம் யாருக்குங்க?" என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். இவர் பழக்கதோஷத்தில் "விரிவாக்கத்துக்கு" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் மதியம் வீட்டுச் சாப்பாடு வரவில்லை; அவருக்குக் கீழ்க்கடை வர்க்கி ரொட்டியும் டீயும்தான்.

அவர் மூன்று நாள் லீவில் மேட்டுப்பாளையம் போயிருந்தபோது, கட்டபெட்டு ஃபேக்டரி மேனேஜர் வரைபடத்தோடு வந்தார். "முப்பத்திமூணுக்கு அப்புறம் நாப்பதுன்னு இருக்குது. நடுவுல இருந்ததக் கிழிச்சுட்டீங்களா?"

எனக்கு மானம் போயிற்று. கம்ப்யூட்டரில் நாலு தட்டு தட்டி, ஒன்றிலிருந்து இருபத்திநாலு வரை வரிசையாக எண் மாற்றி, பழையதைக் கிழித்துப்போட்டுப் புதுப் பிரதி கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு என்னைப் போலக் கெட்டிக்காரன் இந்த மலையில் இல்லை.

மறுநாள் காலை அந்த ஃபேக்டரியில் ட்ரையர் நின்றுவிட்டது. அரைத்த இலை ட்ரையருக்காகக் காத்துக் கிடந்தது. நேரம் கடந்தால் அத்தனையும் வீண். ஓடினேன். எலக்ட்ரீசியன் ராசு டெஸ்டரும் கையுமாக நின்றார்.

"நாலாயிரத்து எரநூத்தி ஏழு வரைக்கும் கரன்ட் வருதுங்க, அதத் தாண்டலீங்க. அது எங்க போகுதுன்னு பார்க்கலாம்னா, உங்க புஸ்தகத்துல அப்படியொரு ஒயரே இல்லீங்களே."

எப்படி இருக்கும்? ஒயர் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பக்கத்தின் எண், அடுத்த இரண்டு அந்தப் பக்கத்தில் எத்தனையாவது ஒயர் என்பது. நான் பக்கத்தை மாற்றியதும் காகிதத்தில் ஒயர்களும் பெயர் மாறிவிட்டன. பேனலுக்குள் இருந்த நிஜ ஒயர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டேன். பின்னணியில் கல்யாண நாதஸ்வரம். நடந்ததையும் ராசு சொன்ன ஒயர் எண்ணையும் சொன்னேன்.

"எண்ணை மாத்திட்டீங்களா?" என்றார். "பேரையாவது விட்டு வெச்சீங்களா?"

"பேரைத் தொடலைங்க."

"அப்ப 'ட்ரையர் ஏன் ஓடலை?'ங்கற பக்கத்த எடுத்து, ஏழாவது ஒயரப் பாருங்க. பின்கதவு சுவிட்ச்சுக்குப் போகும். கதவு மூடலைன்னா ட்ரையர் ஓடாதுங்க. கதவு சரியா மூடியிருக்குதான்னு பாருங்க."

நான் சிரித்த அதே தலைப்பு, நாற்பத்திரண்டிலிருந்து மாறி இப்போது பதினேழாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஏழாவது ஒயர் அவர் சொன்ன இடத்துக்கே போயிற்று. பின்பக்கம் ஓடினோம். கதவு இடுக்கில் ஒரு நனைந்த ஸ்வெட்டரின் கை. மழையில் நனைந்ததைச் சூட்டில் காயப்போட்டிருந்தார்கள்.

"யாருதுங்க இது?" என்றேன்.

ராசு ஸ்வெட்டரை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மொதல்ல கதவ மூடுங்க" என்றார். ட்ரையர் ஓடியது, இலை தப்பியது. கல்யாண வீட்டில் நின்றுகொண்டு ஒரு ஸ்வெட்டர் மறித்த கதவைக் கண்டுபிடித்த மனிதரை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது. அதைவிட அதிகமாக வெட்கமும் வந்தது.

லீவு முடிந்து வந்தவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பழைய எண்களைத் திரும்பப் போட்டார். நாற்பதுகளில் காலியாக இருந்த ஓர் எண்ணில் புதுப் பக்கம் ஒன்று சேர்த்தார். அதன் பெயர், 'ஸ்வெட்டர் இருக்கா பாருங்க'.

போன வருஷம் அவர் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போனார். ஆபீசில் அவர் மேஜை அப்படியே கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்டால், விரிவாக்கத்துக்கு என்று சொல்லிவைக்கிறேன். உண்மையில் அது அவருக்குத்தான்.