ஆமென் சொல்லாத ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவனும் இந்தச் சபையின் மூத்த மூப்பனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் பிரசங்கங்களும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் அக்காள் கர்த்தரிடம் போனபின் வீட்டில் கடிகாரம் மட்டும்தான் பேசுகிறது. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து எங்கள் சபையைக் காப்பாற்ற வேண்டும். நாம் எப்படி இருந்தோம்? ஆத்துமாதான் முக்கியம் என்று கைப்பிரதி கொடுத்தோம். பசிக்கிறது என்றவனுக்கு இன்னொரு கைப்பிரதி கொடுத்தோம். மணியடித்துப் புத்தக ஜெபம் படிக்கிற எதிர்த்தெரு மணிக்கோயில் சபைக்காரர்களைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனோம். இப்போது வந்திருக்கும் சின்னப் போதகரோ, ஆலை மூடியதிலிருந்து ஜனங்கள் பட்டினி என்று, "சுவிசேஷத்துக்கு வாய் மட்டுமில்லண்ணே, கையும் இருக்கு" என்று சொல்லி, அந்த மணிக்கோயில் குருவானவரோடு சேர்ந்து நம் ஜெபக் கூடத்துப் பின்னறையில் மதியம் சூப் ஊற்றுகிறார். பானை அவர்களுடையது, அடுப்பு நம்முடையது! நல்லவேளை, அறைச் சாவி என்னிடம். நீங்கள் காரமாக ஒரு பிரசங்கம் செய்தால் போதும், அன்றே பூட்டிவிடுவேன்.

புதன்கிழமை நேரில் கண்டிக்கவே போனேன். நல்ல மழை. பின்னறை ஜன்னல்களில் ஆவி படிந்து, உள்ளே இருந்த முகங்களெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரிந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் குருவானவர், "பெரியவரே, வாங்க. இன்னிக்கு ஜெபம் நீங்க பண்ணுங்களேன்" என்று அடுப்போரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். விடுவேனா? அவர்களுடையது புத்தகத்தைப் பார்த்து ஒரே மூச்சில் முடிகிற ஜெபம், நம்முடையது உள்ளத்திலிருந்து ஊறுவது, அதிலும் எனக்கு 'நீள ஜெபம்' என்று பட்டப்பெயர் வைத்தவரே நீங்கள்தானே, ஆகவே முழுச் சத்தியத்தையும் அவர் காதில் போட்டுவிடுவதென்று கண்ணை மூடி ஆதியிலிருந்து தொடங்கினேன், நோவா பேழைக்குள் ஏறும்போது வெளியே மழை வலுத்தது, அது நோவாவின் மழையா தெரு மழையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, அடுப்புச் சூடு முழங்காலுக்கு இதமாக இருந்தது, பேழை மெல்ல ஆடியது, உள்ளே பார்த்தால் நம் வீட்டுச் சமையலறை, உங்கள் அக்காள் கரண்டியோடு நின்று, "இன்னும் முடிக்கலையா? ஆறிப்போகுதுங்க" என்கிறாள்.

கண்ணைத் திறந்தேன். மழை விட்டிருந்தது. கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. நம் சபையார் ஒருத்தர் பாக்கியில்லாமல் சாப்பிட்டுப் போயிருந்தார்கள், சின்னப் போதகர் உள்பட! எதிரே குருவானவர் மட்டும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஏடு படிந்த சூப், என் முன்னால் இன்னொன்று.

"நீங்க சாப்பிடலையா?" என்றேன்.

"நீங்க இன்னும் ஆமென் சொல்லலையே."

மைத்துனரே, என் ஜெபத்தின் கடைசிவரை கூட இருந்தவள் உங்கள் அக்காள் ஒருத்திதான். ஆமென் சொன்னேன். இரண்டு பேரும் ஆறின சூப்பைக் குடித்தோம். உப்புக் கம்மி என்றேன். "நாளைக்கு நீங்களே வந்து போடுங்க" என்றார். எவ்வளவு தந்திரம் பாருங்கள்! சூப்பைக் காட்டி ஒரு மூப்பனையே வளைக்கப் பார்க்கிறார்கள். ஆகவே தவறாமல் வாருங்கள், இரக்கமில்லாமல் பேசுங்கள், இழுத்து மூடிவிடுவோம்.

வீட்டில் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். பிள்ளைகள் தலைமேல் கர்த்தருடைய கை இருக்கட்டும்.

உங்கள் அன்புள்ள அத்தான்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அதே பையில் இருக்கவேண்டிய சாவியைக் காணோம். தேடிப் பார்த்தால் பின்னறைக் கதவிலேயே தொங்குகிறது. திறந்தது நான்தான், உப்புப் போட. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பிரசங்கம் வேண்டாம். ஜெபம் மட்டும் பண்ணுங்கள், சுருக்கமாக. குருவானவருக்கு வயிற்றுப்புண். ஆமென் சொல்கிறவரைக்கும் மனிதர் சாப்பிடமாட்டார்.