நான் வைத்த இடி

“மாப்ளே, இந்தா ஒருத்தன் சிவப்பாயிட்டான். எறக்கவா, ஏத்தவா?”

மச்சான் கணேசன் பதறாமல் கேட்டார். திரையில் அவர் பொறுப்பில் ஆறு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன; ஒன்றையொன்று நெருங்கினால் சிவக்கும்.

“நீங்களா எதுவும் செய்யாதீக மச்சான். ஹெட்போன்ல சொல்றதை மட்டும் செய்யுங்க.”

“சொல்றவரு தூங்குறாரு போல.”

விமானங்களை நெரிசல் இல்லாமல் தரையிறக்க எங்கள் கம்பெனி ஒரு புது முறை கண்டுபிடித்திருக்கிறது. அதை நிஜ வானத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. அதற்காகக் கணினிக்குள் ஒரு பொய் வானம். அதைச் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு.

பெங்களூரில் ஓய்வுபெற்ற விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் ஆணையிடுவார். விமானிகளுக்குப் பதிலாக இரண்டு பேர் பட்டனை அழுத்த வேண்டும்.

“ஆளை நீங்களே பிடிச்சுக்கோங்க. ஞாயிற்றுக்கிழமை சரியா நடந்தா சிவகாசியிலேயே இருந்து வேலை பாருங்க. இல்லைன்னா பெட்டியைக் கட்டிட்டு இங்க வாங்க” என்றார் பெங்களூரில் இருக்கும் எங்கள் கம்பெனி மேடம்.

அகப்பட்டவர்கள் இருவர். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் மச்சான். அதே ஆலையில் வெடிமருந்து செலுத்தும் பேச்சியம்மாக்கா.

இருவரும் வரும்போதே என் வீட்டு இரும்புக் கேட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் நுழைந்தார்கள். மருந்து அறைக்குள் போகுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் கரண்டை இறக்குவது ஆலை வழக்கம். நான் சிரித்தேன்.

பேச்சியம்மாக்கா அசத்தினார். “நாலாயிரம் அடிக்கு இறங்கு” என்று வந்தால் மறுநொடி, “எறங்கியாச்சு சாமி.”

அதிகாரி என்னைத் தனியாகப் போனில் அழைத்து, “அந்த அம்மா ரொம்பத் துல்லியம். நல்ல அனுபவமோ?” என்றார்.

“இருபது வருஷம் சார்” என்றேன். எதில் என்று அவர் கேட்கவில்லை.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

வானத்தில் ஒரு புயல் மேகம் வருவது திட்டத்திலேயே இருந்தது. திரையில் அது ஊதா நிறத் திட்டாக வந்தால் போதும். சத்தம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. நான்தான் தத்ரூபமாக இருக்கட்டும் என்று ஒரு இடியைச் சேர்த்து, பெரிய ஸ்பீக்கரில் இணைத்திருந்தேன்.

இடித்தது. ஜன்னல் அதிர்ந்தது.

யாரும் கத்தவில்லை. பேச்சியம்மாக்கா மவுஸை மருந்துத் தட்டைப்போல மெல்லக் கீழே வைத்தார். மச்சான் நேராகப் போய் மெயினை அணைத்தார்.

“எல்லாரும் வெளிய!”

தெரு நடுவே, வேப்பமரத்தை விட்டுத் தள்ளி, வரிசையாக நின்றோம். சுள்ளென்று வெயில்.

மூன்றாவதாக நின்றது நான். படிப்பு முடித்து மூன்று வருஷம் அதே ஆலையில் லோடு கணக்கு எழுதியவன். இடி எந்த நொடியில் விழும் என்று எழுதி வைத்தவனும் நான்தான்.

“மானம் வெளுத்துல்ல கெடக்கு?” என்றார் அக்கா, வானத்தைப் பார்த்து.

“இடி கேட்டுச்சா இல்லையா?” என்றார் மச்சான்.

“கேட்டுச்சு.”

“அப்ப ஆலைச் சட்டப்படி கால் மணி நேரம் வெளிய நிக்கணும்.”

“மச்சான், அது நான் வச்ச இடி!”

“நீங்க வச்சதுன்னா இன்னும் கொஞ்சம் தள்ளி நிப்போம்.”

“உள்ள பன்னெண்டு பிளேன் பறக்குதே!”

“ஆளு வெளிய வந்தாச்சுல்ல. சரக்கு போனாப் போகுது.”

மென்பொருள் ஓடுவது பெங்களூரில். இங்கே கரண்ட் போனாலும் அங்கே விமானங்கள் பறக்கும், விமானி இல்லாமல். மனதுக்குள் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

கால் மணி நேரம் முடியும்போது மேடம் போனில் அழைத்தார்.

“அற்புதம்! புயல் வந்ததிலேருந்து அதிகாரிக்கு வேலைப்பளு அப்படியே சரிஞ்சிருக்கு. ஒரு விமானிகூட அவரைத் தொந்தரவு பண்ணல. நம்ம முறை ஜெயிச்சிருச்சு!”

“விமானமெல்லாம் எங்க இருக்கு மேடம்?”

“கடல் மேல நேராப் போகுது. மோதலையே, அதான் முக்கியம். நீங்க அங்கேயே இருங்க. அடுத்த சோதனைக்கும் இதே விமானிகள்தான்.”

“சரிங்க மேடம்” என்றேன்.

மச்சான் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “வாங்க, போலாம்” என்றார். கேட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்து உள்ளே போனார். பின்னால் பேச்சியம்மாக்கா.

நானும் வைத்து எடுத்துவிட்டு, உள்ளே போய் மெயினைப் போட்டேன்.