மிலாறு ரயில்

விறகுக் கட்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

மேலே ஏழாம் நம்பர் மலை. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். நடுவே ஓடைப் பள்ளம். பள்ளத்துக்கு நேர் மேலே, கம்பியில் தொங்கியபடி, சிவசாமியின் முதல் கட்டு காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"வருதா?" மலை மேலிருந்து கத்தினான் சிவசாமி.

"வந்துக்கிட்டே இருக்குங்க," கீழே கொய்யா மரத்தடியிலிருந்து அவன் மனைவி பேச்சியம்மா பதில் கொடுத்தாள். அந்தக் குரலில் இருந்த மரியாதைதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. "தீவாளிக்குள்ள வந்துரும்."

வைகாசி மழை எந்த நேரமும் இறங்கலாம். கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள், அதாவது மிலாறு, குவியல் குவியலாகக் கிடந்தன. மழை பிடிப்பதற்குள் அதை வீட்டுக்குள் அடைத்தால்தான் மூன்று மாதத்துக்கு அடுப்பு எரியும். பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, பள்ளத்தைச் சுற்றி இரண்டு மைல் சுமப்பார்கள். ஆம்பிளைகள் வெட்டுவார்கள், கட்டுவார்கள், புத்தி சொல்வார்கள். சுமக்க மாட்டார்கள்.

போன வாரம் பேச்சியம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது சிவசாமி வாயை விட்டான்.

"தேயிலை அரைக்கிற ஸ்டோருல எட்டு வருசமா மிஷினுக்கு எண்ணெ போடுறவன் நான். வெறகு எறக்க ஒரு மிஷின் செஞ்சாத் தீந்துச்சு."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா இந்த மழைக்கு வேண்டிய வெறகெல்லாம் நானே தலையில சுமக்கிறேன். போதுமா?"

லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான். அடுத்த காம்பராவில் காளியாயி மதினி இருமினாள். மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே கங்காணி, "மிஷின் சிவசாமி" என்றார்.

இனி பின்வாங்க வழியில்லை.

கம்பி கிடைத்ததுதான் அதிர்ஷ்டம். போன வாரக் காற்றில் மலையோரக் கம்பம் ஒன்று சாய்ந்து, நீளக் கம்பி தேயிலைச் செடி மேல் தொய்ந்து கிடந்தது. லொறி வருவதற்கு முந்திய காலத்தில் கொழுந்து மூட்டைகளை ஸ்டோருக்கு இறக்கிய பழைய கொழுந்துக் கம்பி அது என்று சிவசாமிக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கழற்றி, இரட்டையாக முறுக்கி, மேலே சவுக்கு மரத்துக்கும் கீழே கொய்யா மரத்துக்கும் இழுத்துக் கட்டினான். கம்பத்திலிருந்த வெள்ளைப் பீங்கான் குமிழைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தான். "கவுத்துப் பாரு, கிண்ணம் மாதிரி இருக்கு. திருநீறு போட்டு வச்சுக்க."

கட்டுக்கு ஒன்றாக, உருளப் பழைய தையல் மிஷின் சக்கரம், தொங்க ஒடிந்த குடையின் கைப்பிடி. மிலாறு ரயில் தயார்.

இப்போது அந்த ரயில் பள்ளத்துக்கு மேலே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"எண்ணெ கேக்குது," என்று முடிவு செய்தான் சிவசாமி. இரண்டு மைல் சுற்றி இறங்கி, பேச்சியம்மாவின் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் ஏறினான். வழியில் நான்கு பெண்கள் ஆளுக்கொரு கட்டுடன் அவனைத் தாண்டிப் போனார்கள். போகும்போது ஆளுக்கொரு தடவை போத்தலைப் பார்த்தார்கள். அதுதான் சுட்டது.

போத்தல் முழுவதையும் கம்பியில் ஊற்றிவிட்டு இரண்டாவது கட்டை விட்டான்.

அது போன வேகத்தில் முதல் கட்டையும் முட்டித் தள்ளிக்கொண்டு பறந்தது. பேச்சியம்மா தரையோடு படுத்தாள். இரண்டு கட்டும் கொய்யா மரத்தைத் தாண்டி, காளியாயியின் கோழிக்கூட்டுக்குள் வாசல் வழியாக இல்லாமல் நுழைந்தன.

"கொழுந்தனாரே," காளியாயியின் குரல் பள்ளத்தைத் தாண்டி வந்தது. "கோழி அஞ்சும் கூரை மேல நிக்குது. எறக்க ஒரு மிஷின் செய்யிறீங்களா?"

லயமே சிரித்தது. மேற்கே வானம் கறுத்தது.

"பிரேக் இல்லாததுதான் குத்தம்," என்றான் சிவசாமி தனக்குத்தானே. நேரம் போய்விட்டதால் நாலு கட்டை ஒரே கட்டாகக் கட்டினான். அதன் பின்னால் கயிறு. கயிற்றைக் கையில் பிடித்தால் நழுவும் என்று இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். கட்டைத் தள்ளினான்.

கட்டு போனது. சிவசாமியும் போனான். முதல் ஒன்பது எட்டு வைக்கும்வரை காலுக்குக் கீழே தரை இருந்தது.

"வருதா?" என்று இந்தத் தடவை அவன் கேட்கவில்லை. பேச்சியம்மாவே சொன்னாள்.

"வருதுங்க. ரெண்டும் வருது."

பாரம் தாங்காமல் கொய்யா மரம் வேரோடு சாய்ந்தது. கம்பி அறுந்து, நாலு கட்டு மிலாறும் ஓடையில் விழுந்து நோர்வூட் பக்கமாகப் புறப்பட்டது. சிவசாமி முட்டைக்கோவா பாத்தியில் இறங்கினான். நாலைந்து கோவாவுக்குச் சேதம், அவனுக்கு இல்லை.

முதல் மழைத் துளி அவன் மூக்கில் விழுந்தது.

பேச்சியம்மா பழைய சீலைத் துணியை வட்டமாகச் சுருட்டி அவனிடம் நீட்டினாள். பிறகு மனசு கேளாமல், பீங்கான் கிண்ணத்திலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பூசியும் விட்டாள்.

"கழுத்த ஆட்டாம நடங்க," என்று காளியாயி வாசலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, நனைந்த மிலாறு தலையில் கனக்க, சிவசாமி மலைப் பாதையில் தள்ளாடி இறங்கிக்கொண்டிருந்தான். எதிரே தோட்டத்துக்குக் கடுதாசி சுமக்கும் தப்பால்காரன் மூக்கன், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான்.

"ஞாயித்துக்கெழமையிலயும் தப்பாலா மச்சான்?" பேச்சை மாற்றுவதற்காக முந்திக்கொண்டான் சிவசாமி.

"தப்பாலு இல்ல மச்சான், வாய்ச்சேதி. காலையில இருந்து ஸ்டோருக்கு டெலிபோனச் சுத்திச் சுத்தித் துரைக்குக் கை ஓஞ்சு போச்சு. எந்தக் களவாணியோ கம்பியக் கழட்டிக்கிட்டுப் போயிட்டான், பீங்கானக்கூட விடல. கடைசியில என்னைய ஓடச் சொன்னாரு. நான் போறதுக்குள்ள லொறி கொட்டகலைக்குப் போயிருச்சு."

சிவசாமியின் கழுத்து ஆடியது. "அப்படி என்ன அவசரச் சேதி?"

மூக்கன் அவன் தலையிலிருந்த கட்டைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மழைக்கு முந்தி மிலாறையெல்லாம் லொறியில ஏத்தி, ஒங்க லயத்து வாசல்லயே கொட்டச் சொல்லித்தான்."