சாம்பல் மணிமுடியும் ஐஸ் மீனும்

அகின்லாபிக்கு அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு ஆசைதான். ஒரு ராஜாவைக் கொல்ல வேண்டும்.

நிஜ ராஜா இல்லை. அவனிடம் இருந்த ஒரே வீடியோ கேமான 'சாம்பல் மணிமுடி'யின் கடைசி வில்லன். அவனுக்கு மூன்று உயிர். ஒரு தடவை கொன்றால் சிரிப்பான். இரண்டாம் தடவை கொன்றால் இறக்கை முளைத்துப் பறப்பான். மூன்றாம் தடவையும் கொன்றால் என்ன ஆகும் என்று அகின்லாபிக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு மாதமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தான்.

உலகமே அந்த கேமைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. எல்லோரும் பத்துக்குப் பத்து போட்டார்கள். காவியம் என்றார்கள். விளையாடி முடித்துவிட்டு அழுதேன் என்று எவனோ எழுதியிருந்தான். அகின்லாபிக்கும் அழுகை வந்தது, காரணம்தான் வேறு. கேமை மெஷினில் போட்ட அன்றைக்கே 'புதுப்பிக்கிறேன்' என்று சொல்லி அவனுடைய ஒரு மாத டேட்டாவை ஒரே மடக்கில் குடித்தது. சரி, ஒழியட்டும் என்று உட்கார்ந்தால் குதிரை. குதிரை நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. காடு அழகாக இருக்கிறதாம், பார்த்து ரசிக்க வேண்டுமாம். தினமும் டுக்பே சந்தை நெரிசலில் ஆமை வேகத்தில் ஊர்ந்து ஆபீஸ் போகிறவன் வீட்டுக்கு வந்து இங்கேயும் காசு கொடுத்தா ஊர வேண்டும்? குதிரைமேல் இருப்பவனோ செத்துப்போன மகளை நினைத்து மூச்சுக்கு மூச்சு பெருமூச்சு விட்டான். பெருமூச்சு விட்டால் பெரிய கலையாம்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத கொடுமை ஒன்று இருந்தது. நினைத்த இடத்தில் அந்த கேமை நிறுத்தி வைக்க முடியாது. காட்டுக்குள் எங்கேயோ ஒரு கல்விளக்கு இருக்கும். அதைத் தேடிப்போய் ஏற்றினால்தான் அதுவரை ஆடியது கணக்கில் சேரும். ஏற்றுவதற்கு முன்னால் கரண்ட் போனால் எல்லாம் அம்போ. கரண்டே போகாத ஊரில் குளுகுளுவென்று உட்கார்ந்து இதைச் செய்தவனுக்கு இது புதுமை. கரண்டுக்காகக் காத்துக்கிடக்கும் இபாதான் நகரில் இது பச்சை அயோக்கியத்தனம்.

இந்தக் கோபத்தையெல்லாம் அகின்லாபி வீணாக்கவில்லை. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், சாயங்காலம் செல்போனை முகத்துக்கு எதிரே நிறுத்தி வைத்து, 'கசப்புக் கோலா' என்ற கொட்டையின் பெயர் வைத்த தன் சானலில் வெளுத்து வாங்குவான். ஊர் எதையெல்லாம் புகழ்கிறதோ அதையெல்லாம் கிழிப்பான். சில நூறு பேர் பார்த்தார்கள். அபெயோகுட்டாவில் இருக்கும் அவன் அம்மாவும் தவறாமல் பார்த்தாள். பையன் ஏதோ சாத்தானை விரட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து ஒவ்வொரு திட்டுக்கும் கீழே 'ஆமென்' போடுவாள்.

வீட்டில் அவன் எதையும் கிழித்ததில்லை. அங்கே மொராதேகே இருந்தாள்.

மனைவி மொராதேகே வீட்டிலேயே ஐஸ் மீன் வியாபாரம் செய்தாள். ஆள் படுக்கலாம் போல ஒரு ஃப்ரீசர், அது நிறைய டைட்டஸ் மீன். தெருவில் கரண்ட் வந்தால் அது விருந்தாளி. மற்ற நேரமெல்லாம் பின்கட்டில் இருந்த சின்ன ஜெனரேட்டர்தான் கதி. ஊரே அதற்கு 'பக்கத்து வீட்டானைவிட நான் மேல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. பெயர்தான் பெரிது. ஃப்ரீசரைத் தாங்கும், அல்லது டிவியையும் கேம் மெஷினையும் தாங்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இருமிச் சாகும். அதனால் அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் பஞ்சாயத்து.

அன்றைக்கு அகின்லாபி ஒரு திட்டத்தோடு வந்தான். பிள்ளை லானியின் பெயரைச் சொல்லித்தான் புருஷனும் பெண்டாட்டியும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"லானி அம்மா, ஃப்ரீசர் கம்பெனிக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அணைச்சு வெச்சா ரொம்ப நாள் உழைக்குமாம்."

"அப்படியா? மீன்கிட்டயும் சொல்லிட்டானா?"

"என்னன்னு?"

"அந்த ரெண்டு மணி நேரம் நாறாம இருக்கச் சொல்லி."

அவன் முகத்தைப் பார்த்து அவளே இறங்கி வந்தாள். "சரி, போங்க. போய் உங்க ராஜாவைக் கொன்னுட்டு வாங்க. மீன் இளக ஆரம்பிச்சா மட்டும் நான் ஃப்ரீசரைப் போட்டுடுவேன்."

அவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தபோதே அவன் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கிற புருஷனாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

ராஜாவை ஒரு தடவை கொன்றான். சிரித்தான். இரண்டாம் தடவை கொன்றான். பறந்தான். அகின்லாபியின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து மொராதேகே ஏதோ கேட்டாள், அவன் "ம்" என்றான். ராஜாவுக்கு இன்னும் நூலளவு உயிர்தான் பாக்கி. அகின்லாபி வாளை ஓங்கினான். பின்கட்டில் ஜெனரேட்டர் இருமியது. டிவி இருண்டது.

அவன் எழுந்து ஓடினான். ஃப்ரீசர் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மொராதேகே நின்றிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணினே?"

"மீன் இளகிடுச்சு. போடட்டுமான்னு கேட்டேன். 'ம்'னீங்க."

அவனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நாக்கு நுனிக்கு என்னென்னவோ வந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் அமலாக் களி கிண்டிக்கொண்டிருப்பவள் அவள். வந்ததையெல்லாம் அப்படியே விழுங்கிக்கொண்டு திரும்பினான். விழுங்கியது எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? செல்போனை எடுத்து எதிரே நிறுத்தினான். நேரலைக்குப் போனான்.

"கசப்பர்களே, கேளுங்க. சாம்பல் மணிமுடி ஒரு குப்பை. அதுக்குப் பத்துக்குப் பத்து போட்டவன் என் முன்னாடி வரட்டும். அவன் வீட்டில ஒரு நாளாவது கரண்ட் போயிருக்கா? மகளை நெனச்சுப் பெருமூச்சு விடறானாம். நான் என் ரெண்டு மாசத்தை நெனச்சு விடறேனே, எனக்கு யார்யா மார்க் போடுவா? அந்த ராஜா சிரிக்கறப்போ இடது பக்கம் ஒரு பல்லு இல்லை. அந்தப் பல்லை உடைச்சவன் கையில ஒரு மோதிரம் போடணும்."

ஜனம் சேர ஆரம்பித்தது. அம்மாவின் ஆமென் வந்தது. அகின்லாபிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அரை மணி நேரம் நிறுத்தாமல் கிழித்தான். அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"லானி அப்பா, ஒரு சந்தேகம்."

"நேரலையில இருக்கேன்."

"அதனாலதான் கேக்கறேன். குழம்பு கெட்டுப்போச்சுன்னு சொல்றவர் சட்டியை வழிச்சு நக்குவாரா?"

திரையில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக ஏறின. 'அண்ணி சரியாத்தானே கேக்கறாங்க' என்று ஒருவன் எழுதினான்.

"நான் விமர்சகன். கடைசி வரைக்கும் ருசி பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"ரெண்டு மாசமாவா ருசி பாக்கறீங்க? நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடுங்களேன். அதுல ஒண்ணும் வெக்கமில்லை."

"நல்லா இருக்கா? இதுவா?"

"பின்னே, தூக்கி எறிய மனசு வரலையே."

"யார் சொன்னா வரலைன்னு?"

"வராது. எனக்குத் தெரியாதா உங்களை."

நுணலும் தன் வாயால் கெடும். அகின்லாபி மார்பில் தட்டிக்கொண்டு சொன்னான். "கசப்பர்களே, நீங்கதான் சாட்சி. நாளைக்குச் சூரியன் உதிக்கறப்போ இந்த கேம் சிடி என் வீட்டில இருந்தா, நான் என் அப்பனுக்குப் பிறக்கலை."

கைதட்டல் படங்கள் பறந்தன. அம்மாவிடமிருந்து ஆமெனைக் காணோம். போன்தான் வந்தது. நேரலை அறுந்தது. அம்மாவின் பெயரைப் பார்த்ததுமே அகின்லாபி, பெரியவர்களைக் குனிந்து வணங்கும் பழக்கத்தில், குனிந்துவிட்டான்.

"டேய், என்னடா சொன்னே?"

"அம்மா, ஒரு பேச்சுக்கு..."

"நீ உங்க அப்பனுக்குப் பிறக்கலைன்னா என்னை என்னன்னு சொல்றே? என் சர்ச்சுல பாதிப் பேர் உன்னைப் பாக்கறாங்கடா. நான்தான் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"அம்மா, அது வெறும் விளையாட்டு..."

"உங்க அப்பா பேர்ல விளையாட்டா? விடிஞ்சு அது உன் வீட்டில இருந்தா நான் பெட்டியோட கிளம்பி வந்துடுவேன். உன் வீட்டிலயே உக்காந்து மூணு மாசம் உனக்காக உபவாசம் இருப்பேன்."

படுக்கும்போது அகின்லாபி சோர்ந்துபோகவில்லை. அவன் மூளையும் லேசுப்பட்டதில்லை. 'என் வீட்டில்' என்றுதானே சொன்னோம், கார் வீடு இல்லையே என்று யோசித்தான். விடியும் முன் எழுந்து சிடியைக் கார் டிக்கியில் போட்டுவிட்டால் அப்பாவின் மானமும் போகாது, ராஜாவும் எங்கேயும் போகமாட்டான். வார்த்தையில் எப்படி ஓட்டை வைத்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு தூங்கினான்.

இருள் பிரியும் முன்பே எழுந்தான். பூனை போல நடந்து வந்து கேம் மெஷினின் பொத்தானை அமுக்கினான். காலித் தட்டு வெளியே வந்தது.

"உங்க மானத்தைக் காப்பாத்திட்டேன்," என்றாள் மொராதேகே. குளித்து, தலைத்துணி கட்டி, சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கே அது?"

"அல்ஹாஜிக்குக் குடுத்துட்டேன்."

அல்ஹாஜி சலாவு அடுத்த வீட்டு டயர் வியாபாரி. பையன்கள் கனடாவிலிருந்து கேம் மெஷின் அனுப்பியிருந்தார்கள். தொழுகை, வியாபாரம் போக மிச்ச நேரமெல்லாம் அதில்தான் இருப்பார்.

"சும்மா தூக்கிக் குடுத்துட்டியா?"

"சும்மா குடுக்க எனக்கென்ன பைத்தியமா? மாத்திக்கிட்டேன்."

"எதுக்கு?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். அடுத்த வீட்டு விளக்கு வெளிச்சத்தில், மதில்மேல் ஒரு தடித்த கறுப்பு வயர் ஏறி இறங்கி நேராகப் பின்கட்டுக்குப் போயிருந்தது. ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. வயரின் மறுமுனையில் அல்ஹாஜி வீட்டு ஜெனரேட்டர். லாரி மாதிரி இருக்கும், டீசல் குடிக்கும்.

"அது ஓடற வரைக்கும் நம்ம ஃப்ரீசரும் ஓடும். போன வாரமே அவர் சிடியைக் கேட்டார். உங்க சாமானை உங்களைக் கேக்காம நான் எப்படிக் குடுக்கறது? உங்க வாயாலயே வரட்டும்னு இருந்தேன்."

அகின்லாபி பல் தேய்க்காமலே மதிலைச் சுற்றி ஓடினான். அல்ஹாஜி வெள்ளை அங்கியும் தொப்பியுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் குதிரை நடந்துகொண்டிருந்தது.

"அல்ஹாஜி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்த கேம் வேண்டாம். மட்டமான கேம். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வேற இருக்கு."

"நேத்து நீ பேசினதை முழுசாக் கேட்டேன் தம்பி. அரை மணி நேரம் ஒரு மனுஷன் மூச்சு விடாம ஒண்ணைத் திட்டறான்னா அதுல ஏதோ இருக்கு. பிடிக்காததோட பல்லை எவன் எண்ணிப் பாப்பான்? இந்தக் காட்டைப் பாரு, என்ன அழகு."

"குதிரை நடந்துக்கிட்டே இருக்குமே, எரிச்சல் வரலையா?"

"எனக்கென்ன அவசரம்?"

அகின்லாபிக்கு அழுகையே வந்துவிட்டது. சிடியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அம்மா பெட்டியோடு வந்துவிடுவாள். ஆடிச் சேர்த்ததெல்லாம் அவன் மெஷினுக்குள் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து ஒரு மணி நேரம் ஆடினால் முடிந்துவிடும். மானத்தை விட்டு அதையும் கேட்டுப் பார்த்தான்.

"கூடாது," என்றார் அல்ஹாஜி. "நான் அங்க போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ராஜாவை யாரும் இந்த வீட்டில காட்டக் கூடாது. ஆறு மாசம் ஆனாலும் சரி. உனக்கும் சேர்த்துச் சொல்றேன், கடைசியில என்ன ஆகும்னு மட்டும் சொல்லிடாதே."

"சத்தியமாச் சொல்லமாட்டேன்," என்றான் அகின்லாபி.

அன்று ஆபீஸில் அவன் கண்ணில் பட்டவர்களெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். திட்டத் திட்டக் கோபம் தீரவில்லை, ஏறித்தான் போனது. நெரிசலில் ஊர்ந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தான். டிவி முன்னால் அவன் நாற்காலி. அதில் தலையணை. பக்கத்தில் ஃபேன் சுற்றியது. ஆவி பறக்க மிளகு சூப். ஜாய்ஸ்டிக்கைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள். பின்கட்டில் சின்ன ஜெனரேட்டர் இருமாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இனிமே ஜெனரேட்டர் முழுக்க உங்களுக்குத்தான்," என்றாள் மொராதேகே. "ஃப்ரீசர் குறுக்கே வராது. நானும் எதையும் கேக்கமாட்டேன். உக்காந்து ஆசை தீர ஆடுங்க."

அகின்லாபி உட்கார்ந்தான். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் குதிரைக் குளம்புச் சத்தம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"எதை ஆட?" என்றான்.

"அதுவும் சரிதான்," என்று மொராதேகே எழுந்து போய் ஜெனரேட்டரை அணைத்தாள்.