நார்மலுக்கு வராத முள்

ஹோபார்ட் நகரில், முழங்கால் அறுவை முடிந்து, கடல்காற்று வாங்கியபடி காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் கொலின் அவர்களுக்கு,

குவீன்ஸ்லாந்தின் கேட்டனிலிருந்து உங்கள் அக்காள் புருஷன் மெர்வின் டக்வெல் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் குவெண்டாவும் நலம். நம் பெண் கெல்சியின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. "நல்லபடியாக" என்பதற்குக் கீழே பொழிப்புரை கொடுத்திருக்கிறேன். நீங்கள் அன்போடு கொடுத்த கார் மட்டும் நலமாக இல்லை. உங்களுக்குப் புது மூட்டு வைத்திருக்கிறார்களாமே. அந்த டாக்டரின் விலாசத்தை அனுப்பி வையுங்கள். உங்கள் காருக்கும் ஏதாவது வைப்பாரா என்று கேட்க வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் பல்லைப் பார்க்கவில்லை. தோல் இருக்கையைப் பார்த்தேன், பளபளவென்று மெருகேற்றிய மரப்பலகையைப் பார்த்தேன், கவர்னர் ஏறி இறங்குவதற்கென்றே செய்த கதவைப் பார்த்தேன், மயங்கிவிட்டேன். அந்த மரப்பலகையில் சின்ன வட்டத்துக்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஒரு முள். நட்டநடுவில் "நார்மல்" என்று ஒரு வார்த்தை. காரைக் கப்பலில் ஏற்றிய அன்று நீங்கள் போனில் சொன்னது நினைவிருக்கிறதா? "பழைய சொகுசு வண்டிக்கு அந்த முள்ளுதான் நாடி மச்சான். எண்பது டிகிரிக்கும் தொண்ணூத்தஞ்சுக்கும் நடுவுல நின்னா இன்ஜின் சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். அங்கயே நிக்கும், பாருங்க." உங்கள் ஊரில் நின்றிருக்கும். உங்கள் குளிரூரில் டிசம்பர் கோடை வெயிலில் வெண்ணெய்கூட உருகாமல் நிற்கும். குவீன்ஸ்லாந்தில் இறங்கிய நாளிலிருந்து உங்கள் முள் "நார்மல்" என்ற வார்த்தையைப் படித்ததாகவே தெரியவில்லை. தட்டையான சாலையில் அதைத் தாண்டி நிற்கும். மேடு என்று ஒன்றைக் கண்டுவிட்டால் சிவப்புக்கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு மேல் நீங்கள் நாங்கள் என்று எழுதக் கை வரவில்லை, கொலின். உனக்கு மரியாதை முதல் பக்கத்தோடு முடிந்தது.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் குடல் கழுவுவது போலக் கழுவினேன். புது மூடி, புது பெல்ட், புது விசிறி எல்லாம் போட்டேன். முள் அசையவில்லை. பழைய கார் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். உனக்கே தெரியும், எங்கள் கிளப்பில் ஒருவன் பானெட்டைத் திறந்தால் போதும், பத்துப் பேர் ரொட்டிக்குள் சாஸேஜை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் தெர்மோஸ்டாட்டையே தூக்கி எறி என்றார். அடுத்தவர் அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் செத்துவிடும் என்றார். வெர்ன் கிழவர் மட்டும் ஒன்றும் பேசாமல் ரேடியேட்டரின் அடிக்குழாயை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு ஒரு சாஸேஜ் தின்று முடித்தார். முள் அப்போது சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் லாடம் அடித்த கை, அதற்கு நெருப்பும் ஒன்றுதான் தண்ணீரும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். இதில் இன்னொரு விசேஷம், இவ்வளவு கொதித்தும் ஒரு துளி ஆவி வெளியே வராது. சாதாரணக் கார் என்றால் புகைவிட்டுச் சீறி ஊரைக் கூட்டும். உன் கார் பெரிய இடத்துப் பெண், வயிற்றெரிச்சலை வெளியே காட்டாது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் காரில் ஒழுங்காக இருந்தது பெட்ரோல் முள் ஒன்றுதான். அவ்வளவு பெரிய குடிகார இன்ஜினுக்கு அது மெதுவாகத்தான் இறங்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க ஒத்திகை என்று மலை ஏறி இறங்கியும் கால் டாங்க் மிச்சம் காட்டியது.

அத்தனை ஒத்திகையும் ஒரே ஒரு ஆசைக்காக. சின்ன வயதிலேயே கெல்சி சொல்லிவைத்தது, கல்யாணத்தன்று அப்பாதான் பெரிய காரில் என்னைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று. குவெண்டாவும் தோழிப் பெண்களும் முன்னால் போய்விட்டார்கள். பின்சீட்டில் என் பெண், பானெட்டில் வெள்ளை ரிப்பன், மேலே டுவூம்பா மலை, உச்சியில் மாதா கோயில். வெளியே காக்காய்கூட வாயைப் பிளந்துகொண்டிருந்த வெயில். மலையடிவாரம் தாண்டியதும் முள் எழுந்து சிவப்புக்குப் போனது. இன்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழுதாகத் திருப்பி அந்தச் சூட்டைக் காருக்குள் இழுத்துவிட வேண்டும் என்பது இந்த நாட்டில் தாய்ப்பாலோடு ஊட்டுகிற பாடம். திருப்பினேன். உன் காரில் அதுவரை ஒழுங்காக வேலை செய்யாத எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹீட்டர் வேலை செய்தது. கெல்சியின் கண்மை கன்னத்துக்கு வந்தது, கன்னத்துச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது, காலையிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்து கட்டிய கொண்டை ஈரத்துணி போலத் தோளில் விழுந்தது என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கண் முழுக்க முள்ளின் மேல் இருந்தது.

பாதி மலையில் கார் ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. லாரிகள் ஒதுங்குகிற இடத்தில் உருட்டி நிறுத்தினேன். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தவன் முகம் மிஞ்சாது என்பதால் திறக்கவில்லை. ஷாம்பெயின் வைத்திருந்த ஐஸ்பெட்டியிலிருந்து ஐஸை எடுத்து ரேடியேட்டர் மேல் பரப்பினேன். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தோம். கெல்சி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையோரத் தடுப்புக் கம்பியில் உட்கார்ந்தாள். போகிற லாரிக்காரன் எல்லாம் ஹாரன் அடித்துக் கையாட்டினான், அவளும் பூச்செண்டை ஆட்டினாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"கிளம்பினதுலேர்ந்து அந்த முள்ளையே பாத்துட்டு வந்தீங்களே, என்னை ஒரு தரமாவது பாத்தீங்களாப்பா?"

பார்த்தேன் பார்த்தேன் என்று பானெட்டுக்குள் தலையை விட்டபடியே சொன்னேன்.

கடைசியில் நொலீன் என்கிற விவசாயி அம்மாள் வெங்காயம் ஏற்றின லாரியில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டாள். முன்னால் மூன்று பேருக்கு இடம் இருந்தது, கல்யாண உடைக்கு இல்லை. அதன் நீண்ட வாலைப் பின்ஜன்னல் வழியே வெளியே எடுத்து வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்தாள் அந்தப் புண்ணியவதி. கோயிலுக்குள் கெல்சி நடந்து போகப் போக இரண்டு பக்கமும் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். மாப்பிள்ளை டேமியன் குலுங்கிக் குலுங்கி அழுதான். பாதிரியார்கூட மூக்கை உறிஞ்சினார். இவ்வளவு உருக்கமான கல்யாணத்தை நான் பார்த்ததில்லை என்று சம்பந்தியம்மாள் சொன்னாள். வெங்காயம் என்று நான் சொல்லவில்லை.

ஆகவே, கொலின், கேள். உன் கார் இன்னும் மலையோரத்தில்தான் நிற்கிறது. ஆள் அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள். குளிரூரில் பிறந்து வளர்ந்த காரை வெயிலூருக்குத் தள்ளிவிட்டவனுக்கு என் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் இலை கிடையாது. உனக்கென்று வாங்கி வைத்த இறாலை நானே தின்றுகொள்கிறேன். ஒரே பெண்ணை ஒரே ஒரு தடவை கொண்டுபோய் இறக்குகிற பாக்கியத்தைப் பறித்துவிட்டாய். இதை நான் மறக்கப் போவதில்லை.

உன் முழங்கால் சீக்கிரம் குணமாகி, நீ நூறாண்டு நடந்தே திரிய ஆண்டவன் அருள்வாராக. உன் வீட்டு நாய்க்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்காளை மணந்த குற்றத்துக்காக இந்தக் காரை அனுபவித்த
மெர்வின் டக்வெல்

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துவிட்டு, காரைக் கயிறு கட்டி இழுத்துவர நானும் குவெண்டாவும் போனோம். புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த பெட்ரோல் கேனை அவள் கையோடு தூக்கி வந்தாள். "இதுக்கு பெட்ரோல் எப்ப போட்டீங்க?" என்றாள். கால் டாங்க் இருக்கிறது, முள்ளைப் பார் என்றேன். அவள் என்னைத்தான் பார்த்தாள், பிறகு கேனைக் கவிழ்த்தாள். சாவியைத் திருப்பியதும் கார் கல்யாணத்துக்குக் கிளம்புவது போலக் கிளம்பியது. அங்கேயே நின்று அவள் உனக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்ததும் நீ சொன்னதும் உனக்குத் தெரிந்ததுதான்: "ரெண்டு முள்ளுக்கும் கரண்ட்டை அளந்து விடுற குட்டிப் பெட்டி ஒண்ணு பின்னால இருக்கு, அது போயிருக்கும். அதான் ரெண்டும் கூட்டிக் காட்டுது. இன்ஜின் எப்பவும் நார்மல்லதான் இருந்திருக்கு மச்சான்." அதற்கப்புறம் நீ சிரித்த சிரிப்பை நான் இங்கே எழுதவில்லை. ஆக, வெர்ன் கிழவரின் கையும் மனிதக் கைதான். ஐஸ் வீண், ஹீட்டர் வீண், என் பெண்ணின் கொண்டையும் வீண்.

இவ்வளவு பக்கம் திட்டியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். நீ இதைத் தலைகீழாகப் படித்துக்கொள். கார் இங்கேயே இருக்கும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தக் குட்டிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வா. இறால் அப்படியே இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் குவெண்டா கேட்டாள், காரில் உட்கார்ந்திருந்தபோது கெல்சி எப்படி இருந்தாள் என்று. முள் எங்கே நின்றது என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது, மச்சான். வெள்ளிக்கிழமை கெல்சி தேனிலவு முடிந்து வருகிறாள். அந்த உடையை இன்னொரு முறை போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்காரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். வெங்காய வாசனை போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்தத் தடவை குவெண்டா ஓட்டட்டும்.