எட்டாவது இடத்துக்கு ஒரு விடர்ஸ்புருக்

ஜெர்மனியில் உள்ள அத்தனை அலுவலகங்களும் ஒன்றுகூடி 'இல்லை' என்று சொன்னாலும், அதை ஒரு பேச்சாகவே எடுக்காத மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்மாடியில் குடியிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் விடர்ஸ்புருக் அண்ணை.

உங்கள் விண்ணப்பத்தை ஓர் அலுவலகம் தள்ளுபடி செய்தால், ஒரு மாதத்துக்குள் நீங்கள் எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபத்துக்கு இங்கே விடர்ஸ்புருக் என்று பெயர். மற்றவர்கள் ஆயுளில் ஒன்றோ இரண்டோ எழுதுவார்கள். அண்ணைக்கு அது பல் விளக்குவது மாதிரி. உறவுக்காரர் கல்யாணத்தில் தன்னைக் கடைசிப் பந்தியில் இருத்தியதற்காகப் பெண்ணின் தகப்பனுக்கு ஒன்று எழுதினார். இனிப்பை அடியோடு நிறுத்தச் சொன்ன டாக்டருக்கு இரண்டு பக்கம் எழுதினார். டாக்டர் ஆடிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு லட்டு என்று பகுதியளவில் ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அண்ணையிடம் என் மனைவி, பால் முடிந்துவிட்டது, இரண்டாவது தேத்தண்ணி இல்லை என்று சொல்லிவிட்டாள். கீழ்மாடியிலிருந்து மேல்மாடிக்குப் பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அண்ணையும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவர் எனக்கு ஆறு வகுப்பு மேலே. இங்கே ஒவ்வொரு கோடையிலும் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் கூடி உதைபந்தாட்டப் போட்டி நடத்துவார்கள். அணிக்கு ஏழு பேர், ஒரே நாள், எட்டே எட்டு அணிகள். ஒன்பதாவது அணிக்கு மைதானமும் போதாது, வெளிச்சமும் போதாது. போட்டிக் குழுவின் செயலாளர் வேலை என் தலையில் கட்டப்பட்டிருந்தது.

போன கோடையில் ஒன்பது அணிகள் விண்ணப்பித்தன. ஏழு இடங்கள் சண்டையில்லாமல் நிரம்பிவிட்டன. எட்டாவது இடத்துக்குத்தான் இழுபறி. ஒரு பக்கம் எங்கள் கல்லூரி. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கோல்கூட அடிக்காமல் எல்லா ஆட்டத்திலும் தோற்றவர்கள் நாங்கள். ஆனாலும் எங்களிடம் கொடி இருந்தது, கீதம் இருந்தது, கழுத்துப்பட்டி இருந்தது. மற்றப் பக்கம் மன்னாரில் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் ஒரு பள்ளிக்கூடம். அதன் பழைய மாணவர்கள் ஜெர்மனி முழுவதிலும் எட்டுப் பேர்தான். அந்த எட்டுப் பேரும் அந்த ஆண்டின் சிநேகபூர்வ ஆட்டங்களை எல்லாம் வென்றிருந்தார்கள். அவர்களுடைய கப்டன் அருளப்பு பஸ் சாரதி. இரண்டு ஆண்டுகளாக விண்ணப்பித்து, இரண்டு ஆண்டும் கம்பி வேலிக்கு வெளியே நின்று நாங்கள் விளையாடியதைப் பார்த்தவர்.

குழுவில் இரண்டு மணி நேரம் விவாதித்தோம். தகுதி என்றால் வெற்றி என்றார் ஒருவர். தகுதி என்றால் பாரம்பரியம் என்றார் இன்னொருவர். எட்டாம் வகுப்புப் பள்ளிக்கூடத்தைக் கல்லூரிகளோடு எப்படிச் சேர்ப்பது என்று மூன்றாமவர் கவலைப்பட்டார். கடைசியில் கையை உயர்த்தி எங்கள் கல்லூரியைத் தெரிவுசெய்தோம். முதலில் உயர்ந்த கை என்னுடையது. அருளப்புவுக்கு வட்ஸ்அப்பில் 'இந்த முறையும் இடமில்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டே நாளில் பதிவுத் தபால் வந்தது. நாலு பக்கம். எங்கள் கல்லூரி தெரிவானதை எதிர்த்து எங்கள் கல்லூரியின் பழைய மாணவரே எழுதிய விடர்ஸ்புருக். நாங்கள் தோற்ற ஆட்டங்கள் வரிசையாக இருந்தன. பந்தை உதைக்கப் போன செயலாளர் இரண்டு தடவை புல்லை உதைத்த விபரமும் தனிப் பந்தியாக இருந்தது.

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குள் பூகம்பம். சொந்தக் கல்லூரிக்கே குழி பறிக்கிறார், ஆளை நீக்க வேண்டும் என்று குதித்தார்கள். போட்டிக் குழுவையும் சேர்த்துக் கூட்டம் கூட்டி அண்ணையைக் கூப்பிட்டோம். கையில் ஒரு தடித்த கோப்போடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"இந்த நாடு என்ரை அகதி விண்ணப்பத்தை மூண்டு தரம் ஏலாது எண்டு திருப்பினது," என்றார். "மூண்டு தரமும் ஏன் எண்டு எழுதித் தந்தவங்கள். அதை வச்சுத்தான் நான் திருப்பி எழுதினனான். அதாலைதான் இண்டைக்கு இதிலை இருக்கிறன். நீங்கள் அருளப்புவுக்கு என்ன காரணம் எழுதிக் குடுத்தனீங்கள்?"

அண்ணை ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, நீர்தானே செயலாளர். எழுதும்."

'உங்கள் அணிக்கு இடமில்லை, ஏனெனில்' என்பதுவரை பேனா ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. எனக்குத் தோன்றிய ஒவ்வொரு காரணத்தையும் அருளப்பு வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பேனாவை வைத்துவிட்டு, இரண்டு அணியும் ஒரு ஆட்டம் ஆடட்டும், வென்றவருக்கு இடம் என்றேன். சபை அரை மனதாகத் தலையாட்டியது.

ஆட்ட நாளன்று எங்கள் கோல்கீப்பருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மாற்று ஆள் கிடையாது. அறுபது தாண்டிய விடர்ஸ்புருக் அண்ணை, பனிக்காலக் கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றார். கதவைத் திறந்துவிடத்தான் போகிறார் என்று எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். வேணுமென்று விடப்போகிறீர்களா என்று நானே போய்க் கேட்டேன்.

"அவங்கள் வெண்டுதான் வரவேணும்," என்றார். "நான் விட்டுக்குடுத்து வரக்கூடாது."

பிறகு நடந்ததை நேரில் பார்த்தவர்களே இன்னும் நம்பவில்லை. மார்பால் தடுத்தார், முழங்காலால் தடுத்தார், வயிற்றால் பலமுறை தடுத்தார். நடுவரோடு வாதாடத் திரும்பியபோது பிடரியாலும் ஒன்றைத் தடுத்தார். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்து, பெனால்ட்டிக்குப் போனது. எங்கள் ஐந்து பேரும் ஐந்தையும் வீணாக்கினோம். நான் மறுபடியும் புல்லை உதைத்தேன். அண்ணை நாலைத் தடுத்தார். கடைசியாக அருளப்பு வந்து, இடது மூலையில் நிலத்தோடு ஒரு பந்தை விட்டார். அண்ணை முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை.

மன்னார் ஆட்கள் எட்டுப் பேரும் சந்தோஷத்தில் அழுதுகொண்டே மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். எங்கள் ஆட்கள், அவரை நீக்கச் சொன்ன அதே ஆட்கள், அண்ணையைத் தோளில் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் உடனே இறக்கினார்கள். உடுப்பெல்லாம் சேறோடு அவர் நேரே என்னிடம் வந்தார்.

"இப்ப எங்கடை அணிக்கு வரவேண்டிய கடிதம் எங்கை?"

காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினேன்: 'உங்கள் அணிக்கு இடமில்லை, ஏனெனில் மற்ற அணி உங்களைவிட நன்றாக விளையாடியது.' அண்ணை இரண்டு தடவை வாசித்தார். காரணம் சரிதான், இதை எதிர்த்துத் தான் ஒன்றும் எழுதப்போவதில்லை என்றார்.

அடுத்த மாதம் நடந்த போட்டியில் கிண்ணம் மன்னாருக்குப் போனது. எட்டாம் வகுப்புப் பள்ளிக்கூடத்தின் பெயரை ஒலிபெருக்கியில் ஏழு கல்லூரிகளும் எழுந்து நின்று கேட்டன. அருளப்பு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி வந்து, முதலில் அண்ணையின் கையில் கொடுத்தார். அண்ணை அதைப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நின்றார்.

எங்கள் கல்லூரிக்கு என்ன பெருமை என்று இப்போது யாராவது கேட்டால், நான் கொடியையும் கீதத்தையும் சொல்வதில்லை. அவர் படித்த கல்லூரி என்கிறேன்.