சுபாங்கில் நான் பேசிய இங்கிலீஷ்

என் மகளை லண்டனுக்கு விமானம் ஏற்றிவிடப் போன நாளில் நான் இங்கிலீஷ் பேசினேன். இந்தக் கதையை எங்கள் எஸ்டேட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி. ஏழு வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் யாராவது பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தால் நான் எட்டி முள்ளைப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. ஈப்போ நகருக்கு வெளியே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை. மரப்பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் வாளிகளோடு வரிசையில் வருவார்கள். நான் நிறுத்து எழுதுவேன். தமிழும் மலாயும் எழுதப் படிக்க நன்றாக வரும். இங்கிலீஷ் மட்டும் கையெழுத்துப் போடுகிற அளவோடு நின்றுவிட்டது.

மகள் தேவிக்கு இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. குறித்த தேதிக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று கடிதத்தில் ஒரு வரி. அந்த வரியை எத்தனை முறை தமிழில் சொல்லச் சொன்னேனோ, அவளுக்குத்தான் தெரியும்.

தேவி கான்வென்டில் படித்தவள். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஆனால் பத்தொன்பது வயசுப் பெண் தனியாகக் கவுண்டரில் நின்றால் அதிகாரி மிரட்டுவான், பக்கத்தில் இங்கிலீஷ் பேசும் தகப்பன் நின்றால் அடங்குவான் என்பது என் கணிப்பு. (மிரட்டுகிற அதிகாரியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். நான் விமான நிலையத்தையே பார்த்ததில்லை.)

ஆகவே பாக்கியநாதன் அண்ணனைப் பிடித்தேன். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் பல வருஷம் உதவியாளர். டாக்டர்களோடு இங்கிலீஷிலேயே பேசிப் பழகியவர். அவரும் விமான நிலையத்தைப் பார்த்ததில்லை.

"அண்ணே, ஏர்போர்ட்டு இங்கிலீஷ் வேற மாதிரி இருக்குமோ?"

"எங்க போனாலும் இங்கிலீஷ் இங்கிலீஷ்தான்லா. நீ கோப்பிக்குச் சொல்லு."

மூன்று வாரம், சாயங்காலம் தோறும் கோப்பிக்கடையில் பாடம். பளிங்கு மேசைக்கு அந்தப் பக்கம் அவர் அதிகாரி, இந்தப் பக்கம் நான் தகப்பன். மகள் போகிறாள், இது பாஸ்போர்ட், இது டிக்கெட், பெட்டி இருபது கிலோ. இவ்வளவும் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. என் பயமெல்லாம் அதற்கு மேல்தான்.

"அவன் சத்தம் போட்டா என்னண்ணே செய்றது?"

அண்ணன் முகம் மலர்ந்தது. அதில்தான் அவருக்கு அனுபவம். "நீ கொரல ஒசத்தாத. ரெண்டு கையும் அவனுக்குத் தெரியிற மாதிரி வச்சுக்க. கண்ணப் பாரு. மெதுவா சொல்லு, நோபடி இஸ் ஆங்ரி வித் யூ."

உங்கள்மேல் யாருக்கும் கோபமில்லை! எவ்வளவு நாகரிகமான வாக்கியம். எழுதிக்கொண்டேன். முதலில் உட்காருங்கள், டாக்டர் இப்போது வந்துவிடுவார் என்பதையும் எழுதிக்கொண்டு, டாக்டரை அடித்துவிட்டு மேனேஜர் என்று போட்டேன். (என் சொந்த யோசனை. அன்றைக்கு அதற்காக என்னையே மெச்சிக்கொண்டேன்.)

புறப்படுவதற்கு முந்தின நாள் பெட்டியைக் கொட்டகைத் தராசில் நிறுத்தேன். நெத்திலிக் கருவாடு, ஊறுகாய், சேலைக்குள் என் மனைவி சுற்றி வைத்த இடிகல், அஞ்சலை அக்கா இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து முள் சரியாக இருபதில் நின்றது. அஞ்சலை அக்கா இருபது வருஷமாக என் தராசுக்குப் பால் கொண்டுவருகிறவர்.

"நல்லாப் பாரு தம்பி."

"தராசு தப்பாதுக்கா" என்றேன். இன்றைக்குப் பால் குறைகிறதே என்று அவர் முனகிய போதெல்லாம் நான் சொன்ன அதே பதில்.

மறுநாள் அஞ்சலை அக்கா உட்பட ஒரு வேன் நிறைய ஆள்கள் வழியனுப்ப சுபாங் விமான நிலையத்துக்குப் போனோம். கவுண்டரில் ஓர் இளம் மலாய்ப் பெண். தேவியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என் முதல் வாரப் பாடத்தை ஒப்பித்தேன். ஒரு பிழை இல்லை. தேவியே வாயைப் பிளந்தாள்.

பெட்டி தராசில் ஏறியது. இருபத்தாறு.

"பக்சிக், பெராட் சங்காட் லா" என்றார் அந்தப் பெண் சிரித்தபடி. மாமா, ரொம்பக் கனமாக இருக்கிறதே என்கிறார். மலாயில் நான் மீன்கடைக்காரரையே மடக்குகிறவன். ஆனால் இங்கிலீஷுக்கென்று துடைத்து வைத்திருந்த மூளைக்குள் அன்றைக்கு மலாய் நுழையவில்லை.

"நோ. ட்வெண்ட்டி."

அவர் முள்ளைக் காட்டினார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் கவுண்டர்மேல் வைத்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ப்ளீஸ் சிட் டவுன் ஃபர்ஸ்ட்."

அதுவரை உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நோபடி இஸ் ஆங்ரி வித் யூ. மேனேஜர் வில் கம் நௌ."

மேனேஜர் வந்தே விட்டார்.

"அப்பா, போதும்ப்பா" என்று தேவி என் சட்டையை இழுத்தாள். கவுண்டர் மூட இன்னும் பத்து நிமிஷம்தான், எடையைக் குறைக்காவிட்டால் பெண் இந்த விமானத்தில் போக முடியாது என்று மேனேஜர் மலாயில் சொன்னார். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அப்போது பின்னாலிருந்து அஞ்சலை அக்காவின் குரல். "தம்பி, நேத்து இருபதுன்னியே. இங்க இருபத்தாறுங்குது. அந்த ஆறு கிலோ எங்கப்பா போச்சு?"

அக்கா மறுபடி கேட்டார், இந்தத் தடவை மெதுவாக. "அப்ப நான் இத்தன வருஷமா தூக்கியாந்த பாலு?"

நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா நிக்காத. அத அப்பறம் பேசிக்கலாம். புள்ள போகணும், தொற பெட்டிய" என்று அக்காதான் தரையில் உட்கார்ந்தார். இடிகல் வெளியே வந்தது. கருவாடும் ஊறுகாயும் வந்தன. மிளகாய்த்தூளை அக்காவே எடுத்து வெளியே வைத்தார். தேவி அதைப் பிடுங்கித் திரும்ப உள்ளே செருகினாள். முள் இருபதுக்கு இறங்கியது. உள்ளே போகும்போது அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

வேனில் இடிகல்லை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். மறுநாள் காலையில், பிரிக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கொட்டகைத் தராசில் வைத்தேன். ஏழே முக்கால். இறக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே ஏழே முக்கால்தான்.

எஸ்டேட் மேனேஜருக்கு இங்கிலீஷ்தான் காதில் விழும். அவர் ஆபீஸுக்குப் போய், யாரும் கற்றுத்தராத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்: "சார், எஸ்டேட் ஸ்கேல் இஸ் ராங். ட்வெண்ட்டி இயர்ஸ், ஐ நாட் செக்." அவர் சத்தம் போட்டார். அவரை உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நகராமல் நின்றேன். மூன்று வாரத்தில் புதுத் தராசு வந்தது. போன பாலைப் பற்றி யாரும் பேசவில்லை. அஞ்சலை அக்கா ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளை மட்டும் பார்த்தார்.

பிறகு ஒரு நாள் கிளினிக்கில் அவர் பேரனை நிறுத்து ஐந்து கிலோ என்றார்களாம். "எந்தக் கிலோம்மா? எஸ்டேட் கிலோவா, சுபாங் கிலோவா?" என்று அக்கா கேட்டாராம். அன்றிலிருந்து எங்கள் பக்கம் கிலோ இரண்டு வகை. கோழி வாங்கினாலும் கேட்கிறார்கள், என் காதுபடவே கேட்கிறார்கள். என் மனைவி அதைக் கடிதத்தில் எழுதி லண்டன்வரை அனுப்பிவிட்டாள்.

தேவியிடமிருந்து பதில் வந்தது. குளிர் பழகிவிட்டதாம். முதல் பரீட்சையில் தேறிவிட்டாளாம். கடைசியில் எனக்கென்று தனியாக இரண்டு வரி: "அப்பா, நான் ஒழுங்காச் சாப்பிடறேனான்னு கவலைப்படாதீங்க. நாலு கிலோ கூடிட்டேன். சுபாங் கிலோ."